ஜிம்மில் சேரும் முன் ரத்தத்தைப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். வயது 38. எட்டாவது படிக்கும் மகள், நூல் வியாபாரத்துக்காக வாரத்தில் பாதி நாள் ஈரோடு, கரூர் என்று வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர், வயதான அத்தை, இதுதான் என் குடும்பம். வீட்டையும் வேலையையும் சேர்த்து இழுக்கிற ஒரு பெண் 'எந்நேரமும் அசதியா இருக்கு' என்று சொன்னால் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வருகிறது. எடையைக் குறை, நடை போ, ஜிம்மில் சேரு. அதைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன். ஏறக்குறைய 65,000 ரூபாய் போனது. என்ன கோளாறு என்று கடைசியில் காட்டிக்கொடுத்த ரத்தப் பரிசோதனைக்கு ஆன செலவு 350 ரூபாய். அதை முதலில் எடுத்துப் பார் என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. உங்களில் யாருக்காவது நான் அந்த ஆளாக இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வெளிநாட்டு பையர் ஆர்டர் கொடுப்பதிலிருந்து கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பும் வரை நடுவில் நிற்கிற ஆள் மெர்ச்சண்டைசர். லேப் டிப்புக்கு (சாயம் போட்ட மாதிரித் துணி) அப்ரூவல் வரவில்லை, டையிங்கில் ஷேடு மாறிவிட்டது, பிரிண்டிங்கில் பீஸ் தேங்கிக் கிடக்கிறது, துணி வராமல் கட்டிங் நிற்கிறது, எதுவானாலும் போன் நமக்குத்தான் வரும். காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்டு ஓடும் நாட்களில் இரவு எட்டரைக்கு மேல்தான் வெளியே வர முடியும். அப்போது ஐரோப்பாவில் ஆபீஸ் நேரம் முடிந்திருக்காது. வீட்டுக்கு வந்து குக்கரை வைத்துவிட்டு மெயிலுக்குப் பதில் எழுத உட்கார வேண்டும். காலைச் சாப்பாடு பாதி நாள் கிடையாது. பதினொரு மணி டீயும் ஒரு தேங்காய் பன்னும்தான். இப்படி ஓடுகிறவளுக்கு அசதி வந்தால் அதை நோய் என்று யார் நினைப்பார்கள்? நானும் நினைக்கவில்லை, என்னைச் சுற்றி இருந்தவர்களும் நினைக்கவில்லை.

முதலில் மாடிப்படியில்தான் தெரிந்தது. எங்கள் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் மூன்றாவது மாடியில் இருக்கிறது. பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினால்தான் மேலே ஏற முடிந்தது. நெஞ்சு படபடவென்று அடிக்கும், காதுக்குள் அந்தச் சத்தம் கேட்கும். தலை வாரினால் சீப்பு நிறைய முடி வரும். இரவில் படுத்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும், அதனால் தூக்கமும் கெட்டது. இன்னொன்றும் இருந்தது, வெளியே சொல்லக் கூச்சப்பட்டது. பச்சரிசி மெல்லுவேன். கைப்பையில் ஒரு சின்ன டப்பாவில் அரிசி போட்டு வைத்திருப்பேன். மெயில் அடிக்கும்போது வாய் அதைத்தான் தேடும். வீட்டில் அத்தை பார்த்துவிட்டு, 'அரிசி தின்னா கல்யாணத்துல மழை வரும்னு சொல்லுவாங்க, உனக்குத்தான் கல்யாணமே முடிஞ்சு போச்சே கண்ணு' என்று சிரிப்பார். இது எவ்வளவு முக்கியமான அறிகுறி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அரிசி, சாம்பல், சாக்பீஸ், ஐஸ்கட்டி, மண்வாசனை, இவற்றின் மேல் தீராத ஆசை வந்தால் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது அப்படி மென்றால் கேலி செய்யாமல் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

இதற்கு நடுவில் எடையும் ஏறியது. அசதியில் உடம்பை அசைப்பது குறைந்து, தெம்புக்காக டீயும் பன்னும் கூடினால் எடை ஏறத்தான் செய்யும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. எடை கூடியதால்தான் மூச்சு வாங்குகிறது என்றார்கள். அவிநாசி ரோடு பக்கம் ஒரு ஜிம்மில் வருடக் கட்டணம் 14,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். தனிப் பயிற்சியாளருக்கு மாதம் 4,000 ரூபாய், சில மாதம் கொடுத்தேன். எனக்குக் கிடைக்கிற நேரம் விடிகாலை மட்டும்தான். ஐந்து மணிக்குப் போய் டிரெட்மில்லில் நின்றால் சில நிமிடத்திலேயே கண் இருட்டும். 'ஸ்டாமினா இல்லைங்க மேடம், போகப்போக வந்துரும்' என்றார் பயிற்சியாளர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சேர்க்கும்போது எடை பார்த்தார்கள், இடுப்பு அளந்தார்கள், முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. புதிதாக உடற்பயிற்சி தொடங்குகிற எல்லோருக்கும் படபடப்பும் மூச்சிரைப்பும் இருக்கும்தான். ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் அது கொஞ்சமாவது குறைய வேண்டும். குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ கண் இருட்டினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பணம் கட்டிவிட்டோமே என்று தொடர வேண்டாம்.

அடுத்து ஒரு தோழி அவள் போகும் ஊட்டச்சத்து கிளப்புக்குக் கூட்டிப் போனாள். காலையில் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு ஷேக், கூடவே ஒரு மூலிகை டீ, இரவும் அதே ஷேக். மாதத்துக்கு 6,500 ரூபாய். வாங்கினதெல்லாம் சேர்த்தால் 30,000 ரூபாய் ஆகியிருக்கும். எடை கொஞ்சம் இறங்கியது உண்மை. கூடவே தலைசுற்றலும் கூடியது. கேட்டால், உடம்பில் இருக்கிற கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறிதான் என்றார்கள். இந்த வார்த்தையை யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தலைசுற்றல் எந்த வைத்தியத்திலும் நல்ல அறிகுறி கிடையாது. முடி கொட்டுவதற்காக ஒரு அழகு நிலையத்தில் தனியாக 9,000 ரூபாய் போனது. தலைக்கு எண்ணெய், சீரம் என்று எது போட்டும் நிற்கவில்லை. நூலிலேயே கோளாறு இருக்கும்போது டெய்லரைத் திட்டி என்ன பயன் என்று எங்கள் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும். என் உடம்புக்கு அந்தக் கேள்வியைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது செக்கிங் டேபிளில் இருக்கும் ஒரு அக்கா. ஆட்கள் முன்னால் என்னை மேடம் என்பார், தனியாக இருந்தால் கண்ணு. ஒரு ஷிப்மென்ட் நெருக்கடியில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் இருட்டி அப்படியே பெட்டி மேல் சாய்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு என் நகத்தை அழுத்திப் பார்த்தார். 'கண்ணு, உதடெல்லாம் வெளுத்துக் கெடக்குது. அந்த அரிசி டப்பாவையும் நான் பார்த்திருக்கேன். எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஈஎஸ்ஐல ரத்தம் பார்த்தாங்க, ஏழு பாயின்ட்டுதான்னு சொன்னாங்க. நீ நாளைக்கே போய்ப் பாரு சாமி.' ஈஎஸ்ஐ வசதி மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குத்தான் என்பதால் எனக்கு இல்லை. மறுநாள் லேட் பெர்மிஷன் போட்டுவிட்டு ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 7.2 என்று வந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகை. 8-க்குக் கீழே என்றால் கடுமையானது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் அழுதது பாதி. இத்தனை நாளாக என்னைச் சோம்பேறி என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த வேதனை மீதி.

டாக்டர் விளக்கியபோது எல்லாம் பொருந்தி வந்தது. உடம்புக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோவது ஹீமோகுளோபின், அது உருவாக இரும்பு வேண்டும். ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்தால் இதயம் வேகமாக அடித்துச் சரிக்கட்டப் பார்க்கும். அதுதான் படிக்கட்டில் வந்த படபடப்பு. கூடவே ஃபெரிட்டின் என்று ஒரு பரிசோதனை எடுக்கச் சொன்னார், உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பு எவ்வளவு என்று அது காட்டும். 15-க்குக் கீழே போனால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு 4 இருந்தது. இதில் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். முதலில் காலியாவது சேமிப்புதான், ஹீமோகுளோபின் இறங்குவது அதற்கப்புறம்தான். அதனால் ஹீமோகுளோபின் 12 என்று வந்தாலும், மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கலாம், ஆனால் இரும்பு குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே பரிசோதனை இல்லாமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதும் சரியில்லை.

இரும்பு ஏன் இவ்வளவு குறைந்தது என்று டாக்டர் கேட்டார். மாதவிலக்கு எப்படி இருக்கிறது என்றார். வழக்கம்போலத்தான் என்றேன். எத்தனை நாள், எத்தனை பேட், கட்டி கட்டியாக வருகிறதா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, நான் வழக்கம் என்று நினைத்திருந்தது அளவுக்கு மீறிய போக்கு என்று தெரிந்தது. நம் வீடுகளில் இதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசுவதில்லை. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது, பெரியம்மாவுக்கும் அப்படித்தான். அதனால் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்று இருந்துவிடுகிறோம். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் பேட் நனைந்துவிடுவது, இரண்டு பேட் சேர்த்து வைக்க வேண்டியிருப்பது, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது, பெரிய கட்டிகள் விழுவது, ஏழு நாளைத் தாண்டிப் போவது, இதில் எது இருந்தாலும் மகளிர் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஸ்கேனில் கருப்பையில் நார்க்கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுநோய் இல்லை, பல பெண்களுக்கு வரக்கூடியதுதான் என்றார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. முதலில் ஸ்கேன் பார்த்த ஆஸ்பத்திரியில், 'குழந்தை பெத்தாச்சுல்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்' என்று சொல்லி 85,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வேறு வழி உண்டா என்று பேசவே இல்லை. வீட்டுக்காரர் கரூரில் இருந்தார். போனில் சொன்னபோது அவரும் பயந்துபோய், 'டாக்டர் சொன்னா செஞ்சுரலாம்' என்றார். மனசு ஒப்பவில்லை. கோயம்புத்தூரில் இன்னொரு மகளிர் மருத்துவரிடம் போனேன். கட்டி சின்னது, இருக்கும் இடமும் பரவாயில்லை, முதலில் மருந்தில் பார்க்கலாம் என்றார். மாதவிலக்கு நாட்களில் மட்டும் ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை எழுதினார். அது போதவில்லை என்றால் கருப்பைக்குள் ஹார்மோன் உள்ள லூப் பொருத்தலாம் என்றும் சொன்னார். அந்த மாத்திரை எல்லோருக்கும் ஆகாது, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்த வரலாறு உள்ளவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று சொல்லி, எனக்கு அப்படி ஏதும் உண்டா என்றும் கேட்டறிந்துகொண்டார். சிலருக்கு அறுவை சிகிச்சைதான் சரியான வழியாக இருக்கும். ஆனால் உயிருக்கு அவசரம் இல்லாத அறுவை சிகிச்சை என்றால் இரண்டாவது டாக்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாவற்றையும் நம் கையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், அது நம் உரிமை.

ஹீமோகுளோபின் 7.2 இருந்ததால் மாத்திரையில் மெதுவாக ஏற்ற நேரமில்லை என்று இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். மருந்து, படுக்கை எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் சொச்சம் ஆனது. காலையில் போய் மதியம் வீடு திரும்பிவிடலாம். அரிதாக ஒவ்வாமை வரலாம் என்பதால் கண்காணிப்பு உள்ள ஆஸ்பத்திரியில்தான் ஏற்ற வேண்டும், தெருமுனை கிளினிக்கில் வேண்டாம். நான் தனியாகத்தான் போனேன். அத்தையிடம் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு, கம்பெனியில் பல்வலி என்று சொல்லிவிட்டு. பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கு அவள் அம்மா இளநீர் உடைத்துக் கொடுத்ததைப் பார்த்தபோது அடக்க முடியவில்லை. மாதவிலக்கு, கர்ப்பப்பை என்ற சொற்களுக்குப் பயந்து இப்படித் தனியாகப் படுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அன்று மாலை அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. 'எனக்கும் அந்தக் காலத்துல அப்படித்தான் போச்சு கண்ணு, யார்கிட்டச் சொல்ல' என்றார். மறுநாளிலிருந்து காலைச் சாப்பாடு சாப்பிடாமல் என்னை வாசல் தாண்ட விடுவதில்லை.

மருந்து ஏறிய சில நாளிலேயே அரிசி மேல் இருந்த ஆசை போய்விட்டது. டப்பாவைப் பார்த்தால் எடுக்கவே தோன்றவில்லை. படிக்கட்டுக்கு இன்னும் சில வாரம் பிடித்தது. முடி கொட்டுவது நிற்க மாதக்கணக்கானது, அதில் பொறுமை வேண்டும். பிறகு சேமிப்பு இறங்காமல் இருக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை எழுதினார்கள். இப்படி இடைவெளி விட்டால் உடம்பு நன்றாக உறிஞ்சுகிறதாம், வயிற்றுத் தொந்தரவும் குறைவு. மாத்திரையில் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றிக் கொடுப்பார். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை, எதனுடனும் சேர்த்துப் போடக் கூடாது. எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டால் நல்லது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது விட வேண்டும். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்தக் கூடாது, சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் போல ஆகும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த மாத்திரையைப் பூட்டி வையுங்கள், அவர்கள் மிட்டாய் என்று எடுத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து.

ரத்தம் குறைவு என்று தெரிந்ததும் ஆளாளுக்கு பீட்ரூட், மாதுளை, பேரீச்சை என்று வாங்கி வந்தார்கள். அன்புதான், ஆனால் ஏழில் இருக்கிற ஆளை மாதுளை பன்னிரண்டுக்குக் கொண்டுபோகாது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு, மாதுளையில் இருப்பது மிகக் கொஞ்சம். கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் உண்மையிலேயே நல்ல பலன் தரும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அளவோடு, கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். சைவத்தில் முருங்கைக்கீரை, கொள்ளு, கம்பு, கறுப்பு எள், தட்டைப்பயிறு எல்லாம் உண்டு. ஆனால் செடியில் இருக்கும் இரும்பு எளிதில் சேராது. கூட ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைப் பிழிவோ இருந்தால் அதிகமாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அப்படிச் சேர்வதும் குறைந்துவிடும். எங்கள் கம்பெனிகளில் டீக்கேன் வரும் நேரத்தை நாம் மாற்ற முடியாது. நான் மாற்றியது சாப்பாட்டு நேரத்தை. காலையில் வீட்டிலேயே சாப்பிட்டுவிடுகிறேன், பதினொரு மணி டீக்கு முன் நல்ல இடைவெளி கிடைக்கிறது. மத்தியானம் கொள்ளுப் பருப்போ பச்சைப்பயிறு கடைசலோ ஒரு முட்டையோ கட்டாயம். பன்னுக்குப் பதில் சுண்டல் கொண்டுபோகிறேன். இதற்குத் தனியாகச் செலவே இல்லை.

மனசைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வருடம் வீட்டில் நான் சிரித்த ஞாபகம் இல்லை. மகள் நோட்டைத் தேடித் தரச் சொன்னாலே கத்துவேன், அப்புறம் பாத்ரூமில் நின்று அழுவேன். வேலையை விட்டுவிடலாமா என்று வீட்டுக்காரரும் நானும் பேசும் அளவுக்குப் போனது. ரத்தம் ஏறிய பிறகு அந்த எரிச்சலில் பெரும்பகுதி தானாகக் குறைந்தது. எல்லாமே இரும்பால்தான் என்று சொல்ல மாட்டேன், வேலைப் பளு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மூச்சுக்குத் திணறுகிற உடம்பிடம் சந்தோஷமாக இரு, பாசிட்டிவாக யோசி என்று சொல்வது கொடுமை. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்திய அளவில் 57 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. இதைப் படித்த அன்று எங்கள் பவர் டேபிள் (தையல் மெஷின்) வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த வரிசையில் பாதிப் பேர் என்று அர்த்தம். அவர்களைத்தான் நாம் சுறுசுறுப்பு போதவில்லை என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியதும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மறுபடி உடற்பயிற்சி தொடங்கினேன். இந்த முறை ஜிம் இல்லை. பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் நடை போன்ற மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே மூச்சாக நடக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, சிறிது சிறிதாகச் சேர்ந்தாலும் கணக்குதான். இதைத் தெரிந்துகொண்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. டையிங்காரரோடும் பிரிண்டிங்காரரோடும் பேசும் போன்களை எல்லாம் நடந்துகொண்டே பேசுகிறேன். எங்கள் தொழிலில் அதுவே ஒரு நாளைக்கு அரை மணி நேரம் தேறும். மதியம் சாப்பிட்டதும் கோடவுனைச் சுற்றி பத்து நிமிடம் நடப்பேன். வாரத்தில் இரண்டு மாலை மகளும் நானும் மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று இருபது நிமிடம் செய்கிறோம். அவள் பள்ளிக்கூடக் கதையெல்லாம் அப்போதுதான் வெளியே வருகிறது. எனக்கு அந்த இருபது நிமிடம் ரொம்பப் பிடிக்கும்.

தூக்கத்தைப் பிடுங்கித்தான் விடிகாலை ஜிம்முக்குப் போனேன், அது இனி கிடையாது. ஆறு மணி நேரத்துக்குக் குறைந்து தூங்கிய மறுநாள் உடற்பயிற்சி வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். இரவு மெயிலுக்கு ஒரு முடிவு கட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. முதலாளியிடம் நேராகப் பேசினேன். பத்து மணிக்கு மேல் மெயில் பார்க்க மாட்டேன், கன்டெய்னர் நிற்கிற அளவுக்கு அவசரம் என்றால் போன் பண்ணுங்கள் என்றேன். சரி என்றார். போன் வந்த இரவுகள் மிகக் குறைவு. அதுவரை நடு இரவில் எழுதிய பதில்களில் பெரும்பாலானவை காலையில் எழுதியிருந்தாலும் போதுமானவைதான். ஷிப்மென்ட் வாரத்தில் மொட்டைமாடிப் பயிற்சி நடக்காது, அதற்காக மனம் நொந்துகொள்வதில்லை. காலைச் சாப்பாடு, மாத்திரை, தூக்கம், இந்த மூன்றை மட்டும் எந்தப் பையருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது ஹீமோகுளோபின் 12.6, ஃபெரிட்டின் 38. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மகளுக்கும் பார்த்தோம், 11.2 இருந்தது. பள்ளியில் வாரம் ஒரு தடவை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வாய் கசக்கிறது என்று பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது அந்த நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்கிறாள். உங்கள் பிள்ளைகளின் பையையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். பணம் செலவழிக்க முடியாதவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினை இலவசமாகப் பார்க்கலாம், இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். தனியார் லேபுக்குப் போகிறவர்கள் முழு ரத்தப் பரிசோதனையும் ஃபெரிட்டினும் வேண்டும் என்று கேளுங்கள். அசதிக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் தைராய்டு, சர்க்கரை, பி12 மூன்றையும் டாக்டரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். காய்ச்சலோ சளியோ இருக்கும்போது ஃபெரிட்டின் எடுக்காதீர்கள், உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். உடம்பு சரியாகி ஓரிரு வாரம் கழித்துப் போங்கள். இரும்பு மாத்திரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் லேபில் சொல்லிவிடுங்கள்.